படியெடுத்தோர் காத்தவை

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்த ஊர் தண்டலம். பணிமுறை மாறும் வேளைகளில் இச்சாலையோரம் நின்று பார்ப்போருக்கு இப்பகுதியின் இன்றைய வாழ்க்கை ஒரே காட்சியில் விளங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மகிழுந்துகளைச் சுமந்து வரும் நீண்ட சரக்குந்துகள், ஒரகடத்துக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள், பொறியியல் கல்லூரிகளை நோக்கி விரையும் வண்டிகள் என ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றவண்ணம் இருக்கும். ஏரிப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்த ஊர்கள், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் உலகச் சந்தைக்குப் பொருள் செய்து தரும் ஊர்களாக மாறியிருக்கின்றன.

இங்கு உருவாகும் கைப்பேசியிலும் மகிழுந்திலும் கண்ணுக்குப் புலப்படாத உறுப்பு ஒன்று உண்டு. அதுவே மென்பொருள். இன்று உலகெங்கும் கருவிகளை இயக்கும் மென்பொருள்களுள் கணிசமானவை, எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத மனிதர்கள், பல நாடுகளிலிருந்து கூடி எழுதியவை அவை. அவ்வாறு கூடி எழுதுவதற்கு இணையத்தில் ஓர் இடம் வேண்டும். அத்தகைய இடம் ஒன்று தோன்றி வளர்ந்து மூடப்பட்ட வரலாறு, திருப்பெரும்புதூரின் வரலாற்றோடு ஒரு புள்ளியில் இணைகிறது.

பொதுவில் வைக்கப்பட்ட நிரல்

கணினிக்கு மனிதர் இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். மனிதர் படித்துப் பொருள் கொள்ளும் வடிவில் எழுதப்பட்டது மூலநிரல். சமைத்த குழம்பைச் சுவைப்பவர் அதில் என்னென்ன சேர்ந்துள்ளன என்பதை ஓரளவே ஊகிக்க முடியும். செய்முறையை அறிந்தவரோ அதைத் தாமே சமைக்கலாம், காரத்தைக் குறைக்கலாம், அடுத்த வீட்டாருக்குக் கற்றுத் தரலாம். மூலநிரல் அச்செய்முறையைப் போன்றது. அதை மறைத்து வைத்து, சமைத்த பண்டத்தை மட்டும் விற்பது பெருநிறுவனங்களின் வழக்கமாகியிருந்த காலத்தில், 1983ஆம் ஆண்டு அமெரிக்க நிரலர் ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். படித்தல், திருத்துதல், படியெடுத்தல், பகிர்தல் ஆகிய உரிமைகளைப் பயனருக்கே எழுத்து வடிவில் வழங்கும் உரிமங்கள் இவ்வியக்கத்தால் பரவின. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய ‘லினக்ஸ்’ கருநிரலை வெளியிட்டார். பல நாட்டவரின் பங்களிப்பால் அது வளர்ந்தது.

பலர் சேர்ந்து எழுதும்போது சிக்கல்களும் வரும். எவர் எந்த வரியைத் திருத்தினார், எந்தத் திருத்தம் பிழையைக் கொண்டுவந்தது, நேற்றைய வடிவத்துக்கு எவ்வாறு திரும்புவது என்னும் வினாக்களுக்கு விடை வேண்டும். மூலநிரலையும் அதன் திருத்த வரலாற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியங்கள் இத்தேவையால் தோன்றின. 1999ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கப்பட்ட ‘சோர்ஸ்ஃபோர்ஜ்’ இவற்றைக் கட்டணமின்றி வழங்கிப் புகழ்பெற்றது. மூலநிரலின் உலைக்களம் என்பது அப்பெயரின் பொருள். கொல்லன் பட்டறையில் ஊரார் கூடுவதைப்போல, உலக நிரலர்கள் அங்கே கூடினர்.

அத்தளத்தை இயக்கிய மென்பொருளும் தொடக்கத்தில் கட்டற்றதாகவே இருந்தது. பின்னர் அதன் நிறுவனம் புதிய பதிப்புகளின் மூலநிரலைப் பொதுவில் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. எனினும் முன்பே வெளியான பதிப்பை எடுத்துக்கொண்டு, ‘ஜிஃபோர்ஜ்’ என்னும் மென்பொருளைப் பிறர் 2002இல் உருவாக்கினர். இந்தியாவில் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு இடமளித்த முதல் தளமாகிய ‘சரோவர்’ அந்த ஜிஃபோர்ஜின்மீது கட்டப்பட்டதே. திருவனந்தபுரத்தில் லினக்சென்ஸ் நிறுவனம் அதைப் பராமரித்தது. ரிவர் வேலி டெக்னாலஜீஸ் நிறுவனம் பொருளுதவி செய்தது. சரோவர் என்றால் பொய்கை. இன்று அப்பொய்கை இயக்கத்தில் இல்லை. ஆயினும் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் கதவடைத்த நிரலைக்கொண்டு கேரளத்தில் ஒரு கூட்டத்தார் தமக்கெனத் தளம் அமைக்க முடிந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. படியெடுக்கும் உரிமை எத்தகைய வலிமையுடையது என்பதற்கு அது முதற்சான்று.

கிட்டோரியசின் எழுச்சி

2005ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் ‘கிட்’ என்னும் கருவியை உருவாக்கினார். அதுவரை பரவலாக இருந்த ‘சப்வெர்ஷன்’ போன்ற கருவிகளில், நிரலின் முழு வரலாறும் நடுவிலிருக்கும் ஒரு வழங்கியில் மட்டுமே இருக்கும். நிரலர் தம் கணினியில் வைத்திருப்பது அன்றைய வடிவத்தை மட்டுமே. கிட் அம்முறையை மாற்றியது. களஞ்சியத்தை ஒருவர் தம் கணினிக்குப் படியெடுத்தால், முதல் நாள் எழுதிய முதல் வரியிலிருந்து அனைத்துத் திருத்தங்களும் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். நூறு பேர் படியெடுத்தால் முழு வரலாறு நூறு இடங்களில் இருக்கும்.

இக்கருவியை அடிப்படையாகக்கொண்டு 2008ஆம் ஆண்டு சனவரியில் நார்வே நாட்டு நிரலர் யோகான் சோரன்சென் தொடங்கிய தளமே ‘கிட்டோரியஸ்’. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு அது கட்டணமின்றி இடமளித்தது. தன்னை இயக்கும் மூலநிரலையும் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிட்டிருந்தது. சில மாதங்களில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்த ‘கிட்ஹப்’ தளம், பிறர் நிரல்களுக்கு இடமளித்தபோதும் தன் மூலநிரலை வெளியிடவில்லை. கொள்கைப் பிடிப்புள்ள பலர் கிட்டோரியசை நாடியதற்கு இவ்வேறுபாடு ஒரு காரணம்.

திருப்பெரும்புதூரோடு இவ்வரலாறு இணையும் இடம் இதுதான். 2006ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனம் திருப்பெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையைத் தொடங்கியது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் தொலைமாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள், குறிப்பாக இளம்பெண்கள், அங்கே பணியில் சேர்ந்தனர். பலர் குடும்பத்தில் முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றவர்கள். அதே நிறுவனம் 2008இல் நார்வேயின் ‘ட்ரோல்டெக்’ நிறுவனத்தை வாங்கியது. திரையில் தோன்றும் பொத்தான்கள், பட்டியல்கள், சாளரங்கள் ஆகியவற்றை உருவாக்க உதவும் ‘க்யூட்’ என்னும் மென்பொருள் தொகுதி ட்ரோல்டெக்கின் படைப்பு. 2009ஆம் ஆண்டு மே மாதம் நோக்கியா, க்யூட்டின் மூலநிரற் களஞ்சியத்தைக் கிட்டோரியசில் உலகத்தின் பார்வைக்குத் திறந்துவைத்தது. திருப்பெரும்புதூரில் தொழிலாளர்கள் கைப்பேசிகளைப் பூட்டி அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர்களுக்கு ஊதியம் அளித்த நிறுவனத்தின் நிரலை எந்த நாட்டு மாணவரும் கிட்டோரியசில் படித்துத் திருத்தம் அனுப்ப இயன்றது.

இரு மூடல்கள்

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் நோக்கியா தன் திறன்பேசிகளுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இயங்குதளத்தை மேற்கொள்வதாக அறிவித்தது. க்யூட்டின்மீது அதற்கிருந்த நாட்டம் குறைந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் கைக்கு மாறியது. வரி தொடர்பான வழக்கினால் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் அங்கே உற்பத்தி நின்றது. உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேர் பணிபுரிந்த தொழிற்சாலை அது. அதைச் சார்ந்து உதிரிப்பாகம் செய்தோரும், விடுதி நடத்தியோரும், பேருந்து ஓட்டியோரும் வருவாய் இழந்தனர்.

அடுத்த ஆண்டு கிட்டோரியசின் முறை வந்தது. பெரும்பாலான நிரலர்கள் அதற்குள் கிட்ஹப்பில் குடியேறியிருந்தனர். நண்பர்கள் இருக்கும் இடத்துக்கே புதியவர்களும் செல்வது இயல்பு. கட்டணமற்ற தளத்தை நடத்தும் செலவைக் கிட்டோரியஸ் நிறுவனம் தன் பிற பணிகளின் வருவாயைக்கொண்டே ஈடுகட்டி வந்தது. அவ்வருவாய் குறையவே, தளத்தைத் தொடர இயலவில்லை. 2015 மார்ச்சில் ‘கிட்லேப்’ என்னும் மற்றொரு நிறுவனம் அதை வாங்கியது. மே மாத இறுதிக்குள் பயனர்கள் தத்தம் களஞ்சியங்களை எடுத்துச் செல்லவேண்டும் என்னும் அறிவிப்பு வெளியாயிற்று.

பொருள்வளம் குன்றிய தளங்களுக்கு மட்டுமே இந்நிலை நேரும் என்று கருதலாகாது. 2006ஆம் ஆண்டு கூகுள் தொடங்கிய ‘கூகுள் கோடு’ தளமும் அதே 2015 மார்ச்சில்தான் மூடுவிழா அறிவித்தது. நல்ல மாற்றிடங்கள் வந்துவிட்டன, திட்டங்கள் அங்கே செல்கின்றன, தளத்தில் வீண்பதிவுகள் பெருகிவிட்டன என அந்நிறுவனம் காரணம் கூறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அது படிப்பதற்கு மட்டும் உரியதாயிற்று. 2016 சனவரியில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ‘கோட்பிளெக்ஸ்’ தளம் 2017 திசம்பரில் அதே முடிவை எய்தியது. உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்கள் நடத்திய தளங்களும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளில் நின்றுபோயின.

எஞ்சியவை

தொழிற்சாலை மூடப்பட்டபோது அதன் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலவில்லை. இயந்திரம் ஒரே இடத்தில்தான் இருக்கும், ஒருவருக்கே உரிமையாகும், அதற்குரிய வேலை எங்கோ தொலைவில் முடிவு செய்யப்படும். தொழிலாளர்கள் தம்மோடு கொண்டுசென்றது கைத்திறன் ஒன்றையே. அத்திறனைக்கொண்டு சிலர் இதே பகுதியின் வேறு ஆலைகளில் வாழ்வைத் தேடிக்கொண்டனர். வேறு தொழிலுக்குச் சென்றவர்களும் உண்டு. 2019இல் அவ்வாலையைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. கைப்பேசி மின்னேற்றிகள் செய்யும் நிறுவனம் அது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. எனினும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் எவருக்கும் திரும்பி வரவில்லை.

கிட்டோரியசின் நிலை வேறு. கிட் கருவியின் இயல்பால், பயன்பாட்டிலிருந்த நிரல்களின் முழு வரலாறும் எழுதியோரின் கணினிகளில் முன்பே இருந்தது. அவர்கள் வேறொரு தளத்தில் அதை மீண்டும் ஏற்றிப் பணியைத் தொடர்ந்தனர். உரியவர் கைவிட்ட களஞ்சியங்களுக்கும் ஒரு துணை கிடைத்தது. மறையவிருக்கும் இணையத்தளங்களைப் படியெடுத்துக் காக்கும் ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தன்னார்வலர் குழு, கிட்டோரியசின் ஏறத்தாழ 1,20,000 களஞ்சியங்களையும் சேமித்தது. அவர்களுக்கு எவரும் ஊதியம் தரவில்லை. உரிமங்கள் அனுமதித்தன, காலம் குறைவாக இருந்தது, அவர்கள் படியெடுத்தனர்.

2016ஆம் ஆண்டு பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம், ‘சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்’ என்னும் மென்பொருள் மரபுக் காப்பகத்தை உலகுக்கு அறிவித்தது. மூடப்பட்ட கிட்டோரியஸ், கூகுள் கோடு ஆகியவற்றின் நிரல்கள் அங்கே இடம்பெற்றன. மறுஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இம்முயற்சியோடு கைகோத்தது. கோயில்களையும் சுவடிகளையும் போல மென்பொருளும் மானுட மரபுச் செல்வம் என்னும் கருத்து இவ்வாறு உலக அளவில் ஏற்கப்பட்டது.

க்யூட் என்னவாயிற்று? நோக்கியா அதை 2012இல் பின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்கு விற்றது. இன்று அதற்கெனத் தனி நிறுவனமே உள்ளது. இடையில் எவரேனும் அதை மூடிவைக்க விரும்பியிருந்தாலும் எளிதில் இயன்றிராது. தமிழிலும் இடைமுகம் கொண்ட ‘கே.டி.இ.’ பணிமேடை க்யூட்டின்மீது கட்டப்பட்டது. அதை உருவாக்கும் குழுவினர், க்யூட்டின் கட்டற்ற வடிவம் நின்றுவிடாமலிருக்க அதன் உரிமையாளரோடு 1998லேயே ஓர் அறக்கட்டளையை நிறுவி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தனர். உரிமையாளர்கள் மாறினர், ஒப்பந்தம் நிலைத்தது. இன்று நாம் காணொளி பார்க்கப் பயன்படுத்தும் வி.எல்.சி. இயக்கியின் கணினித் திரையையும், பல மகிழுந்துகளின் காட்சித் திரைகளையும் க்யூட் வரைந்து காட்டுகிறது.

இழப்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. நிரல் காக்கப்பட்டாலும், அதைச் சுற்றி மனிதர்கள் கூடிப் பேசிய இடம் மறைகிறது. ஒரு பிழையைக் கண்டுபிடிக்க இரவெல்லாம் நிகழ்ந்த உரையாடல், முதல் திருத்தம் அனுப்பிய மாணவருக்கு மூத்தவர் எழுதிய ஊக்கச்சொல், ஏன் இப்படி எழுதினோம் என்னும் விளக்கம் ஆகியவற்றுள் பல, களஞ்சியத்துக்கு வெளியே இருப்பவை. காப்பகத்தில் வைக்கப்பட்ட நிரலை எவரும் படிக்கலாம். அதற்குப் பொறுப்பேற்று வளர்க்க ஒருவர் முன்வரும்வரை அது உறங்கிக்கொண்டே இருக்கும்.

ஏடு பெயர்த்து எழுதிய மரபு

தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. செல்லும் ஈரமும் தீயும் அதன் பகைவர்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் நம் கைக்கு வந்தது, ஓர் ஓலை ஈராயிரம் ஆண்டுகள் தாங்கியதால் அன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் அமர்ந்து, நைந்த ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதியதால். அவ்வாறு எழுதியோரில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. படியெடுப்பார் இல்லாத நூல்கள் அழிந்தன. பழுதுற்ற ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கமும் இருந்தது. பெயர் மட்டும் எஞ்சிய தமிழ் நூல்கள் பல.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஒரே ஏட்டை நம்பி அமையவில்லை. ஊர் ஊராகத் தேடிப் பல சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோதும் அவ்வழியையே கைக்கொண்டார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஏடு காட்டிக்கொடுத்தது. ஏடுகளுக்கிடையே காணும் வேறுபாடுகளைப் பாடவேறுபாடு எனக் குறிப்பது பதிப்பு மரபு. எந்தச் சொல் எந்தப் படியில் எவ்வாறு மாறியது என்பதைக் காத்துவைக்கும் கிட் கருவியைக் கற்கும் தமிழ் மாணவருக்கு, அம்மரபு தொலைவில் உள்ளதாகத் தோன்றாது. சுவடிகளுக்கு அன்று எழுத்து வடிவ உரிமம் இல்லை. எனினும் ஏட்டை நம்பிக் கொடுத்தோரும், கேட்டு வாங்கிப் படியெடுத்தோரும் இருந்தனர். பூட்டி வைத்தோரும் இருந்தனர். அவர்கள் வீட்டு ஏடுகளைக் கறையான் படித்தது.

நாளைய நிரலர்க்கு

இன்று உலகின் பெரும்பாலான கட்டற்ற நிரல்கள் கிட்ஹப் என்னும் ஒரே தளத்தில் குவிந்துள்ளன. 2018ஆம் ஆண்டு அதை 750 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இப்போது அது நன்றாகவே இயங்குகிறது. 2009இல் கிட்டோரியசும் நன்றாகவே இயங்கியது. திருப்பெரும்புதூரில் அன்று கைப்பேசிகள் குறைவின்றி உருவாகிக்கொண்டிருந்தன. ஓர் இடம் சிறப்பாக இயங்கும் காலமே, அது இல்லாத நாளுக்கு ஆயத்தம் செய்வதற்கு ஏற்ற காலம்.

அவ்வாயத்தம் கடினமானதன்று. பள்ளிக் கணினி அறையில் ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்தியையோ, நூலகப் பதிவேட்டையோ எழுதும் மாணவர், அதனோடு மூன்று செயல்களைச் சேர்த்துச் செய்யலாம். முதலாவது, பிறர் அதை என்ன செய்ய உரிமையுண்டு என்பதைக் கூறும் உரிமத்தை இணைப்பது. உரிமம் எழுதப்படாத நிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் பிறர் கைக்கு உரியதாகாது. ஆர்வமுள்ள அயலாரும் அதைத் தொடத் தயங்குவர். இரண்டாவது, அந்நிரல் எதற்காக எழுதப்பட்டது, எவ்வாறு இயக்குவது, எங்கே குறையுள்ளது என்பதை எளிய தமிழில் எழுதி உடன் வைப்பது. மறைந்துபோகும் உரையாடலுக்கு அக்குறிப்பே ஈடு. மூன்றாவது, ஒரு தளத்தில் ஏற்றியதோடு அமையாமல் மற்றோர் இடத்திலும் முழுப் படியொன்றை வைத்து, உடன் பயிலும் ஒருவரிடமும் ஒரு படியைக் கொடுப்பது.

தண்டலத்துச் சாலையில் நாள்தோறும் செல்லும் வண்டிகளுள் நாளைய நிரலர்கள் பலர் அமர்ந்திருக்கின்றனர். தொழிற்சாலைகளின் தோற்றமும் மூடலும் இவர்கள் வளர்ந்த ஊரின் வரலாறு. அம்முடிவுகள் தொலைதூர நகரங்களில் எடுக்கப்படுகின்றன; அவற்றை மாற்றும் ஆற்றல் இவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் இவர்கள் எழுதும் நிரல் எங்கே இருக்கவேண்டும், எத்தனை கைகளில் இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை இவர்களிடமே உள்ளது. கிட்டோரியஸ் மூடிய நாளில் தம் களஞ்சியத்தை இழக்காதவர்கள், அவ்வுரிமையை முன்னரே பயன்படுத்தியிருந்தவர்கள்தாம்.